எங்கே பிரிகிறது?

எவர் பேச்சையும் முழுதாகக் கேட்காமலே ஒருவர் இந்த உலகத்தில் காலம் தள்ளினார் என்றால், அது எங்கள் கிளை நானாதான். நானா என்றால் முஸ்லிம் அண்ணன், 'கிளை' நாங்கள் வைத்த பட்டம். இலங்கையில், யட்டியாந்தோட்டை பஜாரில், இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கும் கம்பனியின் சின்னக் கிளை ஒபிஸில் நாங்கள் வேலை பார்த்தோம். அவர் நெட்வொர்க் பார்ப்பார். நான் முறைப்பாடு கேட்பேன். யார் வாயைத் திறந்தாலும் பாதியில் வெட்டி, "எங்க பிரியுது?" என்பார்.

இந்தப் பழக்கத்துக்குப் பழியை, தகவலுக்கு வழி பார்த்து அனுப்பும் ரவுட்டர் பெட்டி மேல்தான் போட வேண்டும். அதற்குள் லட்சக்கணக்கான முகவரிகள் இருக்கும். மேலிருந்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தால், வந்த தகவலெல்லாம் வாசலில் குவிந்துவிடும். ஆகவே முகவரிகளை மரம்போல் கிளை கிளையாக வைத்திருக்கிறார்கள். கிளை பிரியும் இடத்தில் மட்டும் பார்க்க வேண்டும், பிரியாத இடத்தை ஒரே தாவலில் தாண்ட வேண்டும். அதற்குமேல் பொருந்தவில்லையா, கடைசியாகப் பொருந்திய இடம் காட்டும் பக்கம் அனுப்பிவிட வேண்டும். மிச்ச வழி அடுத்த ரவுட்டரின் பாடு.

ரவுட்டருக்கு இது நல்ல பழக்கம். மனிதருக்கு?

புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி முறைப்பாட்டோடு வந்தது. மாப்பிள்ளை கதையைக் கல்யாணத்தன்றிலிருந்து தொடங்கினார். நானாவுக்குப் பொறுக்கவில்லை.

"அதெல்லாம் விடுங்க தம்பி. எங்க பிரியுது?"

பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. "நாங்க ஏங்க பிரியணும்? லைன் சரியில்லன்னுதானே வந்தோம்."

வயர் பிரியும் இடத்தைத்தான் கேட்டார் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் தேநீர் ஆறிப்போனது.

எனக்கும் அவர்மேல் எரிச்சல்தான், அக்காவுக்குப் பிரசவ வலி வந்த நாள்வரை. ஒபிஸிலிருந்தே அம்புலன்ஸுக்குச் சொன்னேன்; அம்புலன்ஸ்காரர் திருப்பி போன் எடுத்து, அப்படி ஒரு தோட்டமே இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். எங்கள் தோட்டத்துக்குப் போர்டில் ஒரு பெயர், எங்கள் வாயில் ஒரு பெயர். பதற்றத்தில் நான் "மூங்கில் தோட்டம்" என்றே சொல்லியிருக்கிறேன். போர்டுப் பெயர் நாக்கில் வரவே இல்லை. அத்தான் கொழும்பில், எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு முன்னால் முருங்கை மரம், பக்கத்தில் கோயில் என்று அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டினேன். நானா போனை வாங்கினார்.

"தங்கச்சி, பஜார்லருந்து முதல்ல எங்க பிரியுது?"

"பாலத்துக்கிட்ட. இடது பக்கம்."

அதைச் சிங்களத்தில் சொன்னார். "பொறகு?"

"ரப்பர் ஸ்டோர்கிட்ட ரெண்டா பிரியும். மண்ணு சரிஞ்சப்பறம் பாதைய மாத்திட்டாங்க நானா. எதுன்னு எனக்குத் தெரியல."

"தெரிஞ்ச மட்டும் போதும். மிச்சத்த ஸ்டோர்ல நிக்கிறவங்க சொல்லுவாங்க."

ஸ்டோரில் நின்றவர்கள் வண்டியிலேயே ஏறி வழிகாட்டினார்களாம். ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நேரம் கடந்திருந்தால் இரண்டு உயிரும் தப்பியிருக்காது என்றார் டொக்டர். என் அழுகைக்குள் இருந்த வழி எனக்கே தெரியாமல் போயிருந்தது. அவர் அதைக் கேட்டுக் கேட்டு வெளியே எடுத்தார்.

பிறகு நானாவை வரக்காப்பொல கிளைக்கு மாற்றினார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன்.

"நானா, அன்னைக்கு நீங்க மட்டும் இல்லன்னா எங்க அக்காவும் பிள்ளையும்..."

"சுருக்குங்க தங்கச்சி. எங்க பிரியுது?"

"இங்கதான் நானா."

அவர் பையைக் கீழே வைத்தார். பஸ் வரும்வரை, நான் சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.