இன்ஷா அல்லாஹ்வுக்கு எந்தக் கட்டம்?

எருக்கலம்பிட்டி,
தேர்தலுக்கு முந்திய நாள்.

அன்பு மருமகன் றிஸ்லான் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும் உங்கள் மாமி சபூராவும் நலம். நீங்களும் நிறைமாதமாக இருக்கும் என் மகள் நிஸ்லாவும் புத்தளத்தில் நலமாக இருக்க துஆச் செய்கிறோம். போனை நீங்கள் எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். இது கோபமில்லை, வருத்தம்.

பிரதேச சபைக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல் சின்னத்தில் நிற்கும் மாமாவுக்கு மருமகன் செய்யும் வேலையா இது? கணக்குப் படிப்பிப்பதைப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாக்காளர் இடாப்பில் குலுக்கலில் நூறு பேரை எடுத்து, போன் போட்டுக் கேட்டு, எனக்கு ஏழு பேர்தான் என்று தாளில் எழுதி அனுப்பினீர்கள். அது போகட்டும். என் பெயரைச் சொல்லி "ஜுனைதீன் நானாவுக்குப் போடுவீங்களா?" என்று கேட்டதற்கு "இன்ஷா அல்லாஹ்" என்ற முப்பத்திரண்டு பேரை "முடிவு தெரியாதோர்" கட்டத்தில் போட்டீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஏழும் முப்பத்திரண்டும் முப்பத்தொன்பது. நாலு பேர் நிற்கும் வட்டாரத்தில் அது வெற்றி. மாமியோ, "மருமகன் கேட்டா முகத்துக்கு நேரே மாட்டன் எண்டு ஆராவது சொல்லுவாங்களா? அதுக்குத்தான் இன்ஷா அல்லாஹ் எண்டு சொல்லி வைக்கிறாங்க" என்றாள். அவளுக்கு அரசியல் தெரியாது.

என் ஆதரவாளர் பைசரின் முகநூலைப் பாருங்கள். "தீவெங்கும் கேத்தல் கொதிக்கிறது" என்று போட்டிருக்கிறார். படத்தில் மைதானம் நிறையச் சனம். அன்றைக்கு உதைபந்தாட்ட இறுதிப் போட்டி என்பது உண்மைதான். ஆனாலும் நான் உள்ளே நுழைந்தபோது எல்லோரும் எழும்பி நின்று கத்தினார்கள். அதே நேரம் ஒரு கோல் விழுந்தது தற்செயல். அந்தப் படத்தைக் கொழும்பு இணையத்தளம் ஒன்று "ஜுனைதீன் அலை" என்று எடுத்துப் போட்டது. உடனே பைசர், "பாருங்கோ நானா, கொழும்பே சொல்லுது" என்று என்னிடம் காட்டினார். கொழும்பு பொய் சொல்லுமா?

தாளை வாபஸ் வாங்கும்வரை என் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று உங்களிடம் சொன்னது நான்தான். அதற்கு நிஸ்லா, "அப்ப நானும் வரல்ல வாப்பா, இங்கேயே பிள்ளையப் பெத்துக்கிறன்" என்று போனை வைத்துவிட்டாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வராத பெண் எங்கள் குடும்பத்தில் இல்லை. மாமி இரண்டு நாளாக என்னோடு பேசாமல் தேத்தண்ணி வைக்கிறாள். "மாமா, பிழை விட்டுட்டன்" என்று ஒரு வசனம் சொல்லுங்கள், வாகனம் அனுப்புகிறேன். அந்த வசனம் இல்லாமல் அனுப்ப மாட்டேன்.

உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், உங்களுக்குத் தனியாகக் கூட்டலையும் தருவானாக.

இப்படிக்கு,
நாளைய உறுப்பினர்,
மாமா ஜுனைதீன்.

பி.கு.: தபாற்கந்தோர் பூட்டியிருந்ததால் கடிதம் சட்டைப்பைக்குள் கிடந்துவிட்டது. நேற்று இரவு முடிவு வந்தது. எனக்கு நூற்றுக்கு ஆறரை. நீங்கள் ஏழு என்றீர்கள். ஆகவே உங்கள் கணிப்பு பிழை என்பதில் மாற்றமில்லை. ஆனாலும் பிழை விட்டவர்களையும் வீட்டுக்குள் எடுக்கலாம் என்று தீர்மானித்திருக்கிறேன். இந்தக் கடிதம் கொண்டுவரும் வாகனத்திலேயே நிஸ்லாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ மகன். அவளுடைய அறையைத் துப்புரவாக்கச் சொல்லப் போனேன். அங்கே கட்டிலுக்குப் புது விரிப்பு, பக்கத்தில் தொட்டில், எல்லாம் ஆயத்தமாக இருந்தன. "இதெல்லாம் எப்ப?" என்று கேட்டேன்.

"றிஸ்லான்ட தாள் வந்த அண்டைக்கே" என்றாள் உங்கள் மாமி.