மேஜரின் துக்கம்

அன்று காலையும் மேஜர் ஓட்ஸை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. டெல்மர் ஹூக்ஸ்ட்ரா இன்னொரு பிடி ஓட்ஸை அள்ளி அதன் மூக்கருகே நீட்டிப் பார்த்தார்.

மேஜர் ஒரு கிடா. சாதாரணக் கிடா அல்ல, கிரேன்விக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியின் சின்னம். சனிக்கிழமைதோறும் பச்சைப் போர்வையோடு அணிக்கு முன்னால் மைதானத்தில் ஓடுவது அதன் வேலை. அதைத் தன் பண்ணையில் வளர்ப்பது டெல்மரின் பெருமை. காலால் உதைப்பதைவிடத் தோளால் முட்டுவதே அதிகமான ஆட்டத்துக்குக் கிடாவைவிடப் பொருத்தமான சின்னம் அயோவா மாநிலம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்பது அவர் கட்சி.

இந்த வருடம் ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. மேஜரும் சீசன் தொடங்கியதிலிருந்தே சுரத்தில்லாமல் மூலையில் கிடந்தது.

"பசங்க தோக்கிறதைப் பார்த்துப் பார்த்து அதுக்கு மனசு ஒடைஞ்சு போச்சு," என்றார் டெல்மர்.

"ஆட்டுக்கு ஆட்டம் புரியுதாக்கும்?" என்றாள் அவர் மனைவி அர்லிஸ்.

"காலமெல்லாம் கிடா வளர்த்தவன் நான். மூஞ்சியப் பார்த்தே மனசுல என்ன இருக்குன்னு சொல்லிடுவேன்."

வரும் சனிக்கிழமை பரம எதிரியான போல்ட்டன் கல்லூரியோடு ஆட்டம். அதிலும் தோற்றால் அணியையே கலைத்துவிடுவதாக நிர்வாகம் அறிவித்துவிட்டது. சனிக்கிழமை ஆட்டம் இல்லாத ஊரை நினைத்தாலே டெல்மருக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் அழுதுகொண்டு உட்காருகிற ஆள் இல்லை. ஆட்டைத் தேற்றினால் அணி தானாகத் தேறும் என்று உறுதியாக நம்பினார்.

முதலில் கல்லூரி பேண்டு வாத்தியத்தைக் கொட்டிலில் அலறவிட்டார். மேஜர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது. பக்கத்துக் கூண்டில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன.

அடுத்து, பையன்களைப் பார்த்தால் பாசம் பொங்கும் என்று வியாழக்கிழமை பயிற்சிக்கே ஓட்டிப்போனார். பந்தை உதைப்பதில் கெட்டிக்காரனான கோடி, "வாடா மேஜரு!" என்று குனிந்தான். மேஜர் நாலடி பின்னால் போய், ஓடிவந்து, அவன் முழங்காலில் ஒரே முட்டு. அணியில் உருப்படியாக இருந்த ஒரே கால் வீங்கிப்போனது.

"யோவ், மொதல்ல அந்த ஆட்டை வெளிய ஓட்டுய்யா!" என்று பயிற்சியாளர் கத்தினார்.

வீடு திரும்பும்போது டெல்மர் தெளிவாக இருந்தார். "அர்லிஸ், எனக்கு ஒரு யோசனை."

"நீ யோசனைன்னு சொன்னாலே எனக்குக் குளிர் எடுக்குது."

போல்ட்டனுக்கும் கிடாதான் சின்னம். யார் முதலில் கிடா வைத்தது என்பதில்தான் இரண்டு ஊருக்கும் தலைமுறைப் பகையே. அச்சு அசல் மேஜரைப் போலவே இருக்கும் அவர்களுடைய டியூக் இந்த வருடம் துள்ளிக் குதிக்கிறது, அணியும் ஜெயித்துக்கொண்டே போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு.

"டியூக்கைத் தூக்கிட்டு வந்துடறேன். மேஜரை அங்க கட்டிடறேன். அதோட துக்கம் அவங்களைப் பிடிக்கட்டும்."

"ஏன்யா, புத்தி கெட்டுப் போச்சா? சின்னத்தைத் திருடுனது தெரிஞ்சா ஜெயிச்சாலும் செல்லாதுன்னு ரூல் போட்டிருக்காங்களே!"

"தெரிஞ்சாத்தானே!"

வெள்ளிக்கிழமை மதியம், டியூக்கை வளர்க்கும் மர்லா பெக் குடும்பத்தோடு சர்ச் விருந்துக்குப் போயிருந்த சமயம், டெல்மர் மேஜரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினார். இழுத்துக் கட்டக் கயிறெல்லாம் கொண்டுபோயிருந்தார். தேவையே படவில்லை. டியூக் ஓடிவந்து அவர் கையை நக்கிவிட்டுத் தானாகவே வண்டியில் ஏறிக்கொண்டது. மேஜரை அதன் இடத்தில் கட்டிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார்.

"பார்த்தியா?" என்றார் வீட்டுக்கு வந்து. "எதிரி வீட்டு ஆடுகூட என்னைக் கண்டா மயங்குது. கைராசி!"

சனிக்கிழமை, பச்சைப் போர்வை போர்த்திய டியூக் மைதானத்தில் குதித்த குதியில் கூட்டம் எழுந்து நின்றது. பையன்கள் வெறிபிடித்தவர்களைப் போல முட்டினார்கள். ஆனால் எதிர்ப்பக்கமும் ஆடு குதித்தது. கட்டிவிட்டு வந்த துக்கம் எங்கே போனதென்று டெல்மருக்குப் புரியவில்லை.

"அழுமூஞ்சி ஆடு அங்க போய் டான்ஸ் ஆடுது," என்றாள் அர்லிஸ். "நன்றி கெட்ட ஜென்மம்."

அவர்கள் பந்தை எல்லைக்கோடு தாண்டிக் கொண்டுபோய் ஒரு டச்டவுன் போட்டால் இவர்கள் ஒன்று போட்டார்கள். சமநிலையிலேயே கடைசி நிமிடம் வந்தது. கோடி நொண்டிக்கொண்டே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்தான். பந்து கம்பங்களுக்கு நடுவே போனது.

ஜெயித்துவிட்டார்கள்! அணி பிழைத்தது. டெல்மர் ஆட்டைக் கட்டிக்கொண்டு விசும்பினார்.

நிமிர்ந்தபோது மர்லா பெக் மைதானத்தைக் கடந்து நேராக அவரை நோக்கி வந்துகொண்டிருந்தாள், பக்கத்தில் சீருடையில் போல்ட்டன் கல்லூரிக் காவலாளி ஒருவர்.

"போச்சு," என்றாள் அர்லிஸ்.

டெல்மர் ஓடவில்லை. பையன்களின் வெற்றி பறிபோனால் தான் உயிரோடிருந்து பயனில்லை என்று தோன்றியது. தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா, உங்க ஆட்டைத் திருடுனது நான்தான். பசங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. என்னை ஜெயில்ல போடுங்க, ஜெயிச்சதை மட்டும் செல்லாதுன்னு சொல்லிடாதீங்க!"

மர்லா அந்தக் காவலாளியைப் பார்த்தாள். காவலாளி ஆட்டைப் பார்த்தார். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"மெல்லப் பேசுய்யா, எங்க மானமும்தான் போகும்," என்றாள் மர்லா. "ஆகஸ்ட்லயே உன் மேஜரையும் எங்க டியூக்கையும் நாங்க மாத்திக் கட்டிட்டோம். நீ எப்ப கண்டுபிடிப்பேன்னு எங்க ஊரே காத்துக்கிட்டிருந்துச்சு. கடைசில உன் ஆட்டையே நீ திருடிட்டுப் போவேன்னு யாருய்யா நெனச்சா!"