நம்பர் ராவுத்தரின் ஐம்பத்து மூன்றாம் தாள்

இன்டர்நெட்டை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்திருக்கட்டும். அதற்கு விதி எழுதும் முறையைக் கண்டுபிடித்தவர் போடி ஜீப் ஸ்டாண்டு செயலாளர் நம்பர் ராவுத்தர்தான்.

இன்டர்நெட்டின் தொழில்நுட்ப விதிகள் நம்பர் போட்ட தாள்களாக வெளிவருகின்றன. வந்தபின் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. மாற்ற வேண்டுமென்றால் புது நம்பரில் புதுத் தாள். பழையதும் அப்படியே இருக்கும். சில தாள்தான் விதி. சில சோதனைக்கு, சில வெறும் தகவலுக்கு. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர்க்காரர் இதை விளக்கியபோது, "எழுபதுகளிலேயே பார்த்தாச்சு சார்" என்றேன்.

அப்போது நான் அந்த ஸ்டாண்டில் புக்கிங் எழுதிக்கொண்டிருந்தேன். ராவுத்தர் சுவரில் ஒட்டும் ஒவ்வொரு தாளுக்கும் நம்பரும் வகையும் உண்டு: 'சட்டம்', 'செஞ்சு பாப்போம்', 'சும்மா தெரிஞ்சுக்க'. குரங்கணி டீக்கடை வடை ஊசிப்போனது பதினேழாம் நம்பர், சும்மா தெரிஞ்சுக்க. மறுநாள் நல்ல வடை வந்தது. பதினேழை அவர் கிழிக்கவில்லை. அதன் தலையில் 'செல்லாது, பதினெட்டைப் பார்' என்று எழுதினார்.

ஒன்பதாம் நம்பர் சட்டம்: போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் ஏறும் ஜீப்புக்கே முதல் வழி. முப்பத்தொன்று, செஞ்சு பாப்போம்: மழை மாதத்தில் மட்டும் ஏலக்காய் லோடோடு இறங்கும் ஜீப்புக்கு முதல் வழி. அதில் ஸ்டாண்டு சங்கத் தலைவரின் கையெழுத்தும் இருந்தது.

அந்த மழையில் டிரைவர் கருப்பையா லோடோடு இறங்க, எதிரே தலைவரே தன் ஜீப்பை ஓட்டிக்கொண்டு ஏறினார். கருப்பையா நிற்கவில்லை. வழிவிட ஜீப்பைப் பின்னால் எடுத்த தலைவர் சக்கரத்தை ஓடையில் இறக்கிவிட்டு, சேறோடு ஸ்டாண்டுக்கு வந்தார்.

"கருப்பையா இனிமே இங்க வண்டி ஓட்டக் கூடாது. ராவுத்தரே, அந்த முப்பத்தொண்ணக் கிழிங்க, வெரசா."

கருப்பையா மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். முகம் வெளுத்துவிட்டது.

"நம்பர் போட்ட தாளு கிழிக்கிறதுக்கு இல்ல தலைவரே," என்றார் ராவுத்தர். "வேணும்னா அது செல்லாதுன்னு புதுசு போடுறேன். ஆனா நாளையிலருந்துதான். இன்னைக்கு அவன் செஞ்சது சரி."

"அப்ப நீங்க இந்தச் சோலிக்கு வேணாம்."

"அதுக்கும் ஒரு தாளு போடணுமே."

உட்கார்ந்து எழுதினார். ஐம்பத்திரண்டு, சட்டம்: ராவுத்தர் செயலாளர் இல்லை. 'ராவுத்தர் செயலாளர்' என்றிருந்த ஒன்றாம் நம்பரின் தலையில் 'செல்லாது, ஐம்பத்திரண்டைப் பார்' என்று எழுதி, பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

மறுநாள் ஒரு ஜீப்பும் மெட்டு ஏறவில்லை. கருப்பையா என் முன்னால் ஒரு தாளை வைத்தான். "எழுதுங்கண்ணே."

ஐம்பத்து மூன்று: ராவுத்தரே செயலாளர். டிரைவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மதியத்துக்குள் தலைவரும் போட்டார். திரும்பி வந்த ராவுத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"வகை போடலயே அப்பு."

'செஞ்சு பாப்போம்' என்று எழுதினேன்.

அந்தச் சோதனை அவர் கண்ணை மூடும்வரை பல வருஷம் ஓடியது. அதன்பின் ஐம்பத்து மூன்றின் தலையில் 'செல்லாது' என்று எழுத என்னைத்தான் கூப்பிட்டார்கள். பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. அந்தத் தாள் இன்னும் செல்லும்.