திக்காத சிடி

"ஞாயித்துக்கிழமை கார்ல புல்லாங்குழல்தான். வேற பேச்சே கிடையாது!"

சோதனை மாஸ்டர் இப்படி முழங்கியபோது அவர் கையில் டீ டம்ளர் இருந்தது. முழங்கி முடித்தபோது பாதி டீ சட்டையில் இருந்தது. இருந்தாலும் முழக்கம் முழக்கம்தானே.

சோதனை மாஸ்டர் என்பது தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர். போல்ட் செய்கிற தொழிற்சாலை. பெட்டி பெட்டியாக வரும் போல்ட்டுகளை இழுத்து, முறுக்கி, சந்தேகம் வந்தால் சுத்தியலால் இரண்டு போட்டு, 'இது தேறும், இது தேறாது' என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. வீட்டில் மனைவியும் அவரைச் சோதனை என்றுதான் சொல்வாள். "எனக்கு வாய்ச்ச சோதனை" என்று முன்னால் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

புதிதாக ஒரு பழைய கார் வாங்கியிருந்தார்கள். அதன் ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாது. ஹாரன் தனக்குத் தோன்றும்போது அடிக்கும். சிடி பிளேயர் மட்டும் அவ்வளவு சுத்தமாகப் பாடும். அதைப் பாடவிட்டுக் காட்டித்தான் முந்தைய சொந்தக்காரர் இவர் தலையில் காரைக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரில் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. போய்ச் சேர அரை நாள் ஆகும்.

மாஸ்டருக்கு வாழ்க்கையில் பெரிய குறை எதுவும் இல்லை. நிரந்தர வேலை, நல்ல பசி, படுத்தால் தூக்கம். ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. புல்லாங்குழலை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, நடுவில் யாரும் குறுக்கே வராமல், ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். பகலெல்லாம் தொழிற்சாலைச் சுத்தியல். சாயங்காலம் மனைவியின் பாட்டுகள். அவளுக்குப் பாட்டு என்றால் டமாரம் அதிர வேண்டும், அலமாரியில் இருக்கிற தட்டுகளும் கூடச் சேர்ந்து ஆட வேண்டும். அவளையும் குறை சொல்ல முடியாது. பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் நாளெல்லாம் 'உக்காருங்க, வலிக்கவே வலிக்காது' என்று பஞ்சு மாதிரிப் பேசிவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலாவது கொஞ்சம் சத்தம் வேண்டாமா?

"புல்லாங்குழலா? தாராளமா போடுங்க" என்றாள் மனைவி.

சண்டைக்காகத் தயாரித்து வைத்திருந்த வாதங்கள் எல்லாம் வீணாகிப் போயின.

"நெஜமாத்தான் சொல்றியா?"

"சிடி வாங்கிப் பதியப்போறது நீங்க. வண்டி ஓட்டப்போறதும் நீங்க. அப்புறம் நான் என்ன சொல்றது? எனக்கு ஒரே ஒரு கவலைதான்."

"என்னது?"

"காலி சிடியை நல்லதா பாத்து வாங்குங்க. எங்க டாக்டர் ரூம்ல மட்டமான சிடி ஒண்ணு இருக்கு. பாடிக்கிட்டே வந்து திடீர்னு திக்கும். 'க க க க'ன்னு அங்கயே நிக்கும். வாயைத் தொறந்து படுத்திருக்கிறவங்க மூட மறந்துடறாங்க."

மாஸ்டரின் மார்பு விரிந்தது. "யாருகிட்ட வந்து என்ன பேசுறே? சோதிக்கிறது என் தொழில்!"

"அந்தத் தைரியம்தாங்க எனக்கும்" என்றாள் மனைவி, பஞ்சு மாதிரி.

அந்தப் பஞ்சுக் குரலைக் கேட்டதும் மாஸ்டர் உஷாராகியிருக்க வேண்டும். பல்வலிக்காரர்களே உஷாராவதில்லை, இவருக்கு எங்கே தோன்றப் போகிறது?

மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போனார். ஒவ்வொரு ரகமாக எடுத்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஊசிப்பொட்டு தெரிந்தால் ஒதுக்கினார். அடிப்பக்கத்து நிறம் திட்டுத்திட்டாக இருந்தால் உதட்டைப் பிதுக்கினார். ஓரத்தில் விரலை ஓட்டினார். கடைசியில் முகர்ந்தும் பார்த்தார்.

"சார், சிடி வாங்க வந்தீங்களா, கண் டெஸ்ட் பண்ண வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"இதுல பாட்டு பதியலாம்னு எவன்யா சொன்னான்?" மாஸ்டர் ஒரு மலிவு ரகத்தைத் தூக்கிக் காட்டினார். "டம்ளருக்கு அடியில வைக்கத்தான் லாயக்கு!"

கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அதே ரகத்தை வாங்க நின்றிருந்த ஒருவர் சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிட்டு வெளியே போனார். கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயிருந்து ஒரு குழாய் டப்பாவைக் கொண்டுவந்தார். டப்பா நிறைய சிடி. இளம்பச்சை நிறம், ஒரே சீர், ஒரு பொட்டு கிடையாது.

"இதுதான் கடைசி டப்பா. புண்ணியமா போகும், எடுத்துட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். புல்லாங்குழலைத் தேர்ந்தெடுத்தார். சிடியைத் தட்டில் வைத்தார். பதிவுப் பொத்தானுக்கு விரல் போனது.

"ஏங்க, ஒரு நிமிஷம்" என்றாள் மனைவி. "அது நல்ல சிடின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெளிச்சத்துல பாத்தேனே."

"போல்ட்டையும் வெளிச்சத்துல பாத்துட்டு அனுப்பிடுவீங்களா?"

விரல் அந்தரத்தில் நின்றது.

"பதிஞ்சு ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்று ஒப்புக்கொண்டார்.

"அதுக்குப் போய் உங்க புல்லாங்குழலையா பலி குடுப்பீங்க? அது திக்கினா உங்க மனசு தாங்குமா? என் குப்பைப் பாட்டெல்லாம் வேற எதுக்கு இருக்கு? அதைப் போட்டு சோதிங்க. கெட்டா கெட்டுப் போகட்டும்."

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பாட்டைத் தானே குப்பை என்று சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! இப்படி ஒருத்தியைப் போய் இத்தனை வருஷமாகச் சந்தேகப்பட்டோமே என்று உருகினார். உருகிக்கொண்டே அவள் பாட்டுகளைப் பதிய ஆரம்பித்தார்.

பதிவதற்கும் அவரிடம் சட்டதிட்டங்கள் இருந்தன. ரொம்ப மெதுவான வேகத்தில்தான் பதிய வேண்டும். மேஜை அதிரக் கூடாது. மிக்சி ஓடக் கூடாது. யாரும் நடக்கக் கூடாது.

"நான் அசையவே மாட்டேன்பா" என்று மனைவி சோபாவில் காலை நீட்டிப் படுத்தாள்.

"டீ?"

"நான் எழுந்து வந்தா தரை அதிருமே?"

அதுவும் சரிதான். மாஸ்டரே பூனை நடை நடந்து போய் டீ போட்டார். ராத்திரிச் சமையலையும் கரண்டிச் சத்தம் வராமல் அவரே முடித்தார். பிறகு பதிந்த சிடியை ஓட்டி, ஒரு பாட்டு விடாமல் காதைக் கொடுத்துக் கேட்டார். டமாரம் அதிர்ந்தது. தட்டுகள் ஆடின. எங்கேயும் திக்கவில்லை.

"தேறிடுச்சு!"

"ஒண்ணு தேறினா போதுமாங்க?"

"எங்க தொழிற்சாலைல நூத்துக்கு அஞ்சு பாத்தாலே போதும்."

"அது யாரோ எவரோ வீட்டு போல்ட். இது நம்ம வீட்டுப் புல்லாங்குழல்."

மாஸ்டர் அடுத்த சிடியை எடுத்தார். தன் தொழிலை இவ்வளவு மதிக்கிற மனைவி எத்தனை பேருக்குக் கிடைப்பாள்? அன்றிலிருந்து சாயங்காலமானால் இதே வேலை. அவர் பதிவார், சமைப்பார், கேட்பார். அவள் படுத்திருப்பாள். வாரத்தின் நடுவில் தொழிற்சாலையில் போல்ட்டைச் சுத்தியலால் தட்டும்போது கை தானாகத் தாளம் போட்டது. பக்கத்து மேஜைக்காரர், "என்ன மாஸ்டர், ரொம்ப குஷி போல?" என்று கேட்டார். மாஸ்டர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசி சிடியும் தேறியது. மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"ஒண்ணுல கூடப் பழுது இல்ல! என்ன தேர்வு, பாத்தியா?"

மனைவி கை தட்டினாள். "பிரமாதம். சரி, புல்லாங்குழலைப் பதியுங்க."

மாஸ்டர் டப்பாவுக்குள் கையை விட்டார். விரலுக்கு அடித்தட்டுதான் தட்டுப்பட்டது. டப்பாவைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

இந்த சிடியில் ஒரு தடவைதான் பதியலாம். அழித்துவிட்டு மறுபடி பதிகிற ரகம் இல்லை இது. இது மாஸ்டருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தது சமயத்துக்கு ஞாபகம் வந்தால்தானே? மேஜைமேல் பளபளவென்று ஒரு கோபுரம் நின்றது. அத்தனையும் நல்ல சிடி. அத்தனையிலும் டமாரம்.

"நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சோதிக்கிறது உங்க தொழில். நடுவுல நான் வாயைத் தொறக்கலாமா?"

செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். கடைக்காரர் அவரைப் பார்த்ததும் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். "வாங்க சார்! நல்ல ரகம் காலி. டம்ளருக்கு அடியில வைக்கிறது மட்டும் நிறைய இருக்கு. தரட்டுமா?"

கடையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர், "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்த வேகத்திலேயே திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவிக்கே பாவமாகிவிட்டது. உள்ளே போனவள், பீரோவிலிருந்த புடவை மடிப்புக்குள்ளிருந்து ஒரு சிடியை எடுத்துக்கொண்டு வந்தாள். இளம்பச்சை. புத்தம் புதுசு.

"டப்பாவைப் பிரிச்ச அன்னிக்கே எடுத்து வச்சேன். கண்ணாடி மாதிரி முகம் பாக்க நல்லா இருந்துச்சு. இந்தாங்க, பதிஞ்சுக்கங்க."

மாஸ்டர் துள்ளி எழுந்தார். "நீ தெய்வம்மா! தெய்வம்!"

"ஆனா, இது சோதிக்காததாச்சே?"

"பரவால்ல!"

"உங்களுக்குப் பரவால்லன்னா எனக்கென்ன" என்றாள். அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. மாஸ்டர் பதிந்து முடிக்க நடுராத்திரி ஆகிவிட்டது; ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர் எல்லையைத் தாண்டியதும் மாஸ்டர் சிடியைப் போட்டார். புல்லாங்குழல் எழுந்தது. பாதி திறந்த ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. ஹாரன்கூட வாயை மூடிக்கொண்டிருந்தது. இதற்காகத்தானே இத்தனை பாடு! மாஸ்டருக்கு மனம் நிறைந்தது.

குழல்காரர் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார். மாஸ்டருக்கு நெஞ்சு திக்கென்றது. போச்சு, திக்கிவிட்டதா? இல்லை, இசை தொடர்ந்தது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குழல்காரர் மறுபடி மூச்சு வாங்கினார். புல்லாங்குழல் வாசிக்கிற மனிதர் மூச்சு வாங்காமல் என்ன செய்வார்? ஒவ்வொரு மூச்சுக்கும் இங்கே ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவருக்கு மூச்சு நின்று நின்று வந்தது.

மனைவி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, சைக்கிள்காரர் நம்மளைத் தாண்டிப் போறாரு."

"ஷ்ஷ்! கேளு. அங்க ஏதோ கரகரன்னுச்சு இல்ல?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே. நல்லாத்தானே பாடுது?"

"அதான் பயமா இருக்கு. இவ்வளவு நேரமா திக்கல. இனிமே எங்க திக்கப்போகுதுன்னு தெரியல. சோதிக்காத சரக்கும்மா இது!"

இன்னும் கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். தன் கையாலேயே புல்லாங்குழலை வெளியே எடுத்தார்.

"சோதிச்சது ஒண்ணு இருந்தா குடு."

மனைவி மடியில் இருந்த பையைத் திறந்தாள். மொத்தக் கோபுரமும் அதற்குள் இருந்தது. மேலாக இருந்த ஒன்றை எடுத்து நீட்டினாள்.

டமாரம் அதிர்ந்தது. கார்க் கதவுகள் கூடச் சேர்ந்து ஆடின. மாஸ்டரின் தோள் இறங்கியது, கழுத்து தளர்ந்தது, வண்டி வேகம் பிடித்தது. கவலையே இல்லை. எந்தப் பாட்டில் எந்த அடி எங்கே விழும் என்று அவருக்கு அத்துப்படி. சைக்கிள்காரரைத் தாண்டும்போது அவர் விரல்கள் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"ஏங்க, நானா மாத்தச் சொன்னேன்?" என்றாள் மனைவி.

"சும்மா இரும்மா" என்றார் மாஸ்டர். "நல்ல இடம் வருது."