சினிமா மிஸ்ஸுக்கு நித்திரை வராத கிழமை

உலகத்தில் இதுவரை எடுக்கப்பட்ட எல்லாத் திரைப்படங்களும் உண்மையாக நடந்தவை என்று நம்புகிற கடைசி மனுஷி எங்கள் சினிமா மிஸ்தான்.

துறைமுக வீதியில் நான் வேலை பார்க்கும் கப்பல் முகவர் கந்தோரில் அவர் தலைமை எழுத்தர். ஐம்பத்தைந்து வயது. கல்யாணம் கட்டவில்லை. பாலையூற்றில் தனி வீடு. சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறொரு நல்ல பெயர் இருக்கிறது. அதைச் சொல்லித் தேடினால் வாசல் காவலாளிகூட ‘அப்படி ஒருத்தரும் இல்லை’ என்று அனுப்பிவிடுவார்.

பாட்டும் சண்டையும் உள்ள படங்களால் மிஸ்ஸுக்கு ஆபத்தில்லை. பத்திரிகைகள் புகழ்கிற, பரிசு வாங்குகிற படங்கள்தான் ஆபத்து. அவை வந்தால் திங்கட்கிழமை எங்கள் கந்தோரில் வேலை நடக்காது.

அப்படி ஒரு படத்தில் சவரிமுத்து என்றொரு கிழவர், மகனுக்காகக் காத்திருந்தே செத்துப்போவார். அடுத்த ஞாயிறு எங்கள் தேவாலயப் பூசையில் பங்குச் சுவாமி கணீரென்று வாசித்தார்: “மரித்த சவரிமுத்துவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக...” கோயில் முழுக்கத் திரும்பி, கறுப்புச் சேலையில் நின்ற மிஸ்ஸைப் பார்த்தது. பூசை முடிந்ததும் துக்கம் விசாரிக்க வரிசை நின்றது. நானும் அதில் நின்றேன்.

“எனக்கு ஒரு சொல் சொல்லேல்லையே பிள்ளை! எப்ப செத்தவர்?” என்று ஒரு அம்மா கையைப் பிடித்தார்.

“வெள்ளிக்கிழமைதான் அன்ரி ரிலீஸ். நான் சனிக்கிழமைதான் பாத்தனான்” என்றார் மிஸ், மூக்கைச் சிந்திக்கொண்டு.

சுவாமி கூப்பிட்டுக் கண்டித்தாராம். மிஸ் அசையவில்லை. “நடிப்பெண்டு எனக்குத் தெரியாதே சுவாமி? ஆனா இப்பிடி ஆரோ ஒரு மனுசன் எங்கேயோ காத்திருந்து செத்திருப்பார்தானே? அவருக்கும் சேத்துத்தான் பூசை.”

இன்னொரு படத்தில் மகனைப் பந்தடிக்க விடாத தகப்பன் ஒருவன். அவன் போட்டிருந்த கண்ணாடி, எங்கள் கந்தோரில் சுங்க வேலைகள் பார்க்கும் கிண்ணியா நிஸ்தாருடைய கண்ணாடியை உரித்து வைத்திருந்தது. அது ஒன்றே போதுமாயிற்று. காலையில் வந்த நிஸ்தாரைக் கதிரையில் இருக்கக்கூட விடவில்லை.

“பிள்ளையின்ர ஆசையை மிதிக்கிறதுக்கு நீங்கள் ஆர் நிஸ்தார்?”

“அல்லாஹ்வே! எனக்கு மூணும் பொம்புளப் புள்ளயள் மிஸ்!”

“அப்ப அவையள விளையாட விடுங்கோ!”

நிஸ்தார் பயந்துபோய் அன்று மாலையே ஒரு பந்து வாங்கிக்கொண்டு போனார். நடு மகள் இப்போது பாடசாலை வலைப்பந்தாட்ட அணித் தலைவி.

இதெல்லாம் சில்லறை. பெரிய சங்கடம் ஒரு பஸ்ஸால் வந்தது.

எல்லோரும் கொண்டாடிய ஒரு படம். அதன் கடைசியில் ஒரு பெண், கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு இறங்கி, வந்த பஸ்ஸில் ஏறுகிறாள். பஸ் புழுதிக்குள் மறைகிறது. அவ்வளவுதான், படம் முடிந்தது. விமர்சகர்கள் அந்த முடிவைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். மிஸ்ஸுக்குக் கிழமை முழுக்க நித்திரை இல்லை.

“எங்க போனவ? ஆர் வீட்ட இறங்கினவ? முடிக்கத் தெரியாம விட்டிட்டுப் பரிசும் வாங்கிப்போட்டாங்கள்!”

அடுத்த நாளிலிருந்து மதிய இடைவேளையில் மிஸ்ஸைக் காணவில்லை. விசாரித்தால், சோற்றுப் பார்சலோடு பஸ் நிலையத்தில் நிற்கிறார். பையோடு தனியாக இருக்கும் இளம் பெண்களைத் தேடுகிறார்!

முதலில் அகப்பட்டவள் பெரிய பெட்டியோடு நீள வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். மிஸ் பார்சலை அவள் மடியில் வைத்து, “பயப்பிடாதையம்மா. என்ர வீட்டில ஒரு அறை சும்மா கிடக்கு” என்று சொல்லிக்கொண்டிருக்கையில், சோடாப் போத்தல்களோடு ஒரு பொடியன் வந்து நின்றான்.

“நீங்கள் ஆர்?”

“அதை விடும். நீர் இந்தப் பிள்ளைக்குக் கை நீட்டுறனீரா?”

தேனிலவுக்கு வந்த சோடி. பெண் விழுந்து விழுந்து சிரித்ததில் பார்சல் நழுவிக் கீழே விழ, எங்கள் ஊரில் மாடுகளைப் போலத் தெருவில் திரியும் மான்களில் ஒன்று வந்து இலையோடு இழுத்துக்கொண்டு போனது.

அதனால் அடுத்த கிழமை மிஸ் கிளம்பியபோது தடுப்பதற்காகவே நானும் கூடப் போனேன். தூணோரம் ஒரு பெண் இருந்தாள். மடியில் சின்னப் பை. வந்த பஸ் ஒன்றிலும் ஏறவில்லை.

“வேண்டாம் மிஸ். போன முறை பட்டது காணாதே?”

மிஸ் என்னைப் பொருட்படுத்தாமல் போய் அவள் பக்கத்தில் அமர்ந்தார். இந்தத் தடவை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்ன நினைத்தாரோ, அந்தப் படத்தின் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். சந்தேகமாக விலகியிருந்த பெண், மெல்ல மெல்ல அவர் பக்கம் திரும்பினாள்.

“பிறகு? அவ எங்க போனவ அன்ரி?”

“தெரியாதம்மா. அதோட முடிச்சுப்போட்டாங்கள்.”

அவள் புறப்பட்டுப் போகும் பஸ் ஒன்றைப் பார்த்தாள்.

“எனக்கும் எங்க போறதெண்டு தெரியேல்ல அன்ரி” என்றாள் அந்தப் பெண்.

பெயர் மேகலா. புருஷனின் அடி தாங்காமல் வவுனியாவிலிருந்து வந்தவள். தாய் வீட்டில் ‘திரும்பிப் போ’ என்றிருக்கிறார்கள். அன்று பின்னேரம் மிஸ் அவளைப் பாலையூற்றுக்குக் கூட்டிப்போனார். அடுத்த கிழமை புருஷன் தேடி வந்து வாசல் படலையில் கத்தினானாம். மிஸ் வெளியே வந்து, அவனிடம் ஒரு மணித்தியாலம் சினிமா வில்லன்களுக்கு என்ன நடக்கும் என்று விளக்கியிருக்கிறார். அதற்குள் மேகலா கந்தோருக்குப் போன் எடுக்க, நிஸ்தார் பொலிஸோடு வந்து சேர்ந்தார். அவன் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. வழக்கு நடந்து, விவாகரத்தும் ஆயிற்று.

மேகலா இப்போது நிலாவெளியில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை செய்கிறாள். தாயும் மனம் மாறி வந்து போகிறார். ஒரே ஒரு வருத்தம்: அவளுக்குப் படமே பிடிக்காது. பெயர் போடும்போதே தூங்கிவிடுவாள். “தங்கமான பிள்ளை. ஆனா அந்த ஒரு குறை” என்று மிஸ் பெருமூச்சு விடுவார்.

சென்ற வாரம் எல்லோரும் புகழும் ஒரு புதுப் படத்துக்கு, வழக்கமாக மிஸ்ஸோடு போகிற நான் தனியாகப் போனேன். மிஸ்ஸுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை, தியேட்டர் தடை. படம் நன்றாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு தாய் தனியாகக் கிடக்கும் காட்சி வந்தது. “இந்த மனுசிக்கு ஆர் சாப்பாடு கொண்டுபோறது?” என்று சத்தமாகக் கேட்கப் பக்கத்துக் கதிரையில் ஆளில்லை.

அதற்குமேல் என்னால் இருக்க ஏலாமல் போயிற்று. எழுந்து வந்து, இரண்டு பார்சல் இடியப்பம் கட்டிக்கொண்டு பாலையூற்றுக்குப் போனேன்.