சாமி பேருக்கு முதல் பில்

சுடலைமாடசாமி கருப்பட்டி வாங்கிவிட்டுக் கடன் சொல்லிவிட்டார் என்று உடன்குடி பஜாரில் காலையிலேயே பேச்சாகிவிட்டது.

பேச்சைக் கிளப்பியவர் சண்முகசுந்தரியின் மாமனார் ஆறுமுகநயினார்தான். கருப்பட்டி மொத்தக் கடைக்காரர். அவர் கடையில் புது பில் புத்தகம் பிரித்தால் முதல் பில் காவல் தெய்வமான சுடலைமாடசாமி பேருக்கு. அதற்கான துட்டை முதலாளியே மடியிலிருந்து எடுத்துக் கல்லாவில் போடுவார். அதற்குப் பிறகுதான் மனிதர்களுக்கு வியாபாரம். மருமகள் ஆன்லைனில் ஏதோ ஃபார்ம் போட்டு விற்கப்போகிறாள் என்றதும், அதற்கும் அதே முறைதான் என்று சொல்லிவிட்டார்.

சண்முகசுந்தரியும் அப்படியே செய்தாள். பெயர் சுடலைமாடசாமி. முகவரி தேரிக்காட்டுக் கோயில். ஒரு கிலோ. பணம் வாங்கித் தரும் கம்பெனி சோதித்துப் பார்ப்பதற்கென்றே கொடுத்திருந்த பொய்க் கார்டு எண்ணைப் போட்டு அழுத்தினாள். பச்சை டிக் வந்தது. வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே கட்டியது, தன் கண் முன்னால் நடக்கிறது என்பதில் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"துட்டு எங்கன?" என்றார் மாமனார்.

"இது டெஸ்டு மாமா. நிசத் துட்டு வராது."

"துட்டு வராம சாமிக்குப் பில்லா? போணியே கடன்லல்லா போயிட்டு."

அவருக்கு அது விளையாட்டில்லை. அவளுக்கும் இல்லை. கடையின் முன்னறையைப் பெயின்ட் கம்பெனிக்காரர் ஒருவர் வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே ஒரு மேசை போட்டுத் தன் வியாபாரத்தை நடத்த அவளுக்கு ஆசை. கோயில் கொடைத் திருவிழா முடிவதற்குள் முன்பின் தெரியாத ஒரு ஆள் வாங்கட்டும், அறை உனக்கு, சொந்தக்காரன் வாங்கினால் சேர்த்தி இல்லை என்று மாமனார் சொல்லியிருந்தார்.

உண்மையில் அறையைவிட அந்தத் தெரியாத ஆள்தான் அவள் மனதில் பெரிதாக உட்கார்ந்திருந்தார். இதுவரை அவளை அறிந்தவர்கள் எல்லோரும் இன்னாருடைய மகள், இன்னாருடைய மருமகள் என்றே அறிந்தவர்கள். அதைக் கேட்காத ஒரே ஒருவர், எங்கோ இருந்துகொண்டு, அவள் செய்ததை நம்பி விரலை அழுத்த வேண்டும்.

சாமியின் கடனை அடைக்க, சோதனை நிலையிலிருந்து நிஜ நிலைக்கு மாற்றிவிட்டு, மாமனாரின் கார்டைப் போட்டாள். ஓடிபி அவருடைய போனுக்கு வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"நம்பரச் சொல்லுங்க மாமா."

"யாருகிட்டயும் சொல்லப்படாதுன்னு போட்டிருக்கான்."

"நான் உங்க மருமவல்லா."

"யாருகிட்டயும்னா யாருகிட்டயும்தான்."

நேரம் முடிந்து, ஃபார்மில் அடித்ததெல்லாம் அழிந்துபோனது. மறுபடி அடித்தாள். அடுத்த ஓடிபியை அவரே ஒற்றை விரலால் அழுத்தினார். முடிப்பதற்குள் அதுவும் காலாவதியானது. மூன்றாம் முறை சுடலைமாடசாமி என்று அடிக்கும்போது சாமி மீதே அவளுக்கு எரிச்சல் வந்தது. பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு ஃபார்மின் உள்ளே போய், பெயரும் முகவரியும் இனி அழியவே முடியாதபடி பதித்து வைத்தாள். இந்தத் தடவை ஓடிபி நேரத்துக்குள் ஏறிவிட்டது. பச்சை டிக்.

துட்டு எந்த வழியாகப் போய் வருகிறது என்று மாமனார் கேட்டார். மும்பை போய்விட்டு வரும் என்று அவள் சொன்னாள்.

"என் மடியிலருந்து என் கல்லாவுக்கு வர மும்பைக்கா போவணும்?" என்றார். ஆனால் சாமி கடன் தீர்ந்ததில் அவருக்கு நிம்மதி. அந்தச் சந்தோஷத்தில் அவள் ஃபார்மின் லிங்கை, கோயில் கொடை வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பிழைக்கப் போன வெளியூர்க் குடும்பங்கள் எல்லாம் அதில் உண்டு. பாதிப் பேரை அவளுக்குத் தெரியாது.

மறுநாள் மதியம் போன் சிணுங்கியது. ஆர்டர். ஐந்து கிலோ. நிஜத் துட்டு. வாங்கியவர் சுடலைமாடசாமி, தேரிக்காட்டுக் கோயில்.

நீங்களா போட்டீர்கள் என்று அவள் மாமனாரைக் கேட்டாள். அவர் கடைக்குள்ளேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

விளக்கு வைப்பதற்குள் இன்னொன்று. காலையில் வரிசையாக. எல்லாம் சாமியேதான். அவள் கணவன் மந்திரமூர்த்தி கருப்பட்டி நிரப்பிய ஓலைக்கொட்டான்களைப் பைக்கில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோனான். பூசாரி அய்யாக்குட்டி ஒன்றுமே கேட்காமல் வாங்கி, போட்டோ எடுத்துவிட்டுப் அந்தக் கருப்பட்டியில் பானக்காரம் கரைத்து ஊருக்கே குடிக்க ஊற்றினார்.

யார் போடுகிறார்கள் என்று உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்றாள் சண்முகசுந்தரி. மாமனார் அவள் கையைத் தடுத்தார்.

"டெஸ்டெல்லாம் போதும். சாமியச் சோதிக்கப்படாது தாயி."

அவளும் கையை எடுத்துக்கொண்டாள். செம்மண் தேரியில், பனைகளுக்கு நடுவே அரிவாளோடு நிற்கிற சாமி, அவள் கட்டிய இந்தச் சின்னஞ்சிறு பெட்டிக்குள் விரல் நீட்டுகிறார். போன் சிணுங்கும்போதெல்லாம் அவள் எழுந்து நின்றாள். இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும் என்று நினைத்தாள். அடுத்த நொடியே, ஒரு தெரியாத ஆள் வேண்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று வெட்கமில்லாமல் சொன்னது.

மாமனாரும் அதில் விட்டுக்கொடுக்கவில்லை. "சாமி வாங்குனது பெரிய விசயந்தான். ஆனா அவரு நமக்குச் சொந்தம்லா. தெரியாத ஆளுல சேராது," என்றார்.

கொடைக்கு முந்தின நாள் பெயின்ட் கம்பெனி எபனேசர் அறையை அளக்க டேப்போடு வந்துவிட்டார். தூத்துக்குடிக்காரர். சண்முகசுந்தரி அவரையே பார்த்தாள். முன்பின் தெரியாத ஆள். அவரிடமே கெஞ்சினாள். ஒரே ஒரு கிலோ, ஃபார்மில் போட்டு வாங்குங்கள் சார் என்றாள். நல்ல மனிதர். டேப்பைக் கீழே வைத்துவிட்டுப் போனைத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மேடம், என் பேரு எபனேசர். இதுல என்னையச் சுடலைமாடசாமிங்குது. மாத்தவும் விடமாட்டேங்குது."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். தான் பதித்தது அப்படியே இருந்தது. அழியவே இல்லை. வந்தவர் சாமி இல்லை. அவள் ஏங்கிய தெரியாத மனிதர்கள், ஒருவர் இருவர் இல்லை, அத்தனை பேரும் வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் கருப்பட்டியை எல்லாம் கரைத்து ஊர் குடித்தாயிற்று. அவளும் ஒரு செம்பு குடித்திருந்தாள்.

பணம் வந்த பக்கத்தைத் திறந்தாள். அந்த ஐந்து கிலோ ஆர்டரில் ஒரு போன் நம்பர் இருந்தது. எபனேசர் டேப்போடு பார்த்துக்கொண்டிருக்க, அந்த நம்பருக்கு அடித்தாள். எடுத்தது பெங்களூரில் இருக்கும் ரம்யா என்ற பெண். சண்முகசுந்தரி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். துட்டை இன்றைக்கே திருப்பி அனுப்புவதாகச் சொன்னாள்.

"எதுக்குக்கா திருப்பணும்? சாமிக்குப் போய்ச் சேர்ந்துட்டுன்னு பூசாரி குரூப்புல போட்டோ போட்டாரே. கொடைக்கு வர முடியாதவங்க சாமிக்குக் கருப்பட்டி அனுப்பத்தானே கோயில்லருந்து இந்த ஃபார்ம் போட்டிருக்கீங்க?"

"இது கோயில் இல்லம்மா," என்றாள் சண்முகசுந்தரி. "கருப்பட்டிக் கடை."



"அப்ப மனுசங்களுக்கும் விப்பீங்களாக்கா? எங்க வீட்டுக்கு ரெண்டு கிலோ வேணும், அதுக்கு எந்த ஃபார்ம்ல போடணும்?"