பத்து மடங்குப் பன்றி

காட்டுமிராண்டி பன்றியைக் கண்டால் சுடுவான். நாகரிகமடைந்தவன் கமிட்டி போடுவான். இந்த மகத்தான வித்தியாசத்தை உலகுக்கு எடுத்துக்காட்டிய பெருமை, ஐம்பத்தெட்டாம் வருஷத்துத் ‘திருச்சி வட்டாரப் பயிர்ப் பாதுகாப்பு வேட்டைச் சங்க’த்தையே சாரும். அமெரிக்காக்காரனும் ரஷ்யாக்காரனும் ஆகாயத்தில் என்னத்தை வேண்டுமானாலும் விட்டுக்கொள்ளட்டும். ஒரு துப்பாக்கிக்கு ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் கண்ணாடிக் குழாய் வாங்குவதில் நம் சங்கம் காட்டிய நிதானம் அவர்களுக்கு வருமா?

சங்கத்தின் காரியதரிசி பிலோமின்ராஜ், மேலப்புதூரில் குடியிருந்த இன்ஷூரன்ஸ் குமாஸ்தா. தங்கமான மனுஷர். எறும்பை மிதித்துவிட்டால்கூடச் சிலுவை போட்டுக்கொள்வார். இவரை ஏன் வேட்டைச் சங்கத்தில் போட்டார்கள் என்று கேட்கக் கூடாது. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். வேறென்ன தகுதி வேண்டும்?

சங்கத்தின் சொத்து ஒரே ஒரு ரைபிள். கப்பலேறிப் போன வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போனது. விசைக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு லீவர் இருக்கும். சுட்டதும் அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், காலித் தோட்டா உச்சி வழியாகத் துள்ளி வெளியே விழும். அடுத்த தோட்டா உள்ளே ஏறும். அருமையான ஏற்பாடு.

புரட்டாசி மாசம் வையம்பட்டியிலிருந்து மருதை வந்தார். மானாவாரி விவசாயி. காரியதரிசி வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார்.

“கடலை காய் பிடிக்கிற நேரம் சார். பன்னி வந்து கொல்லையை உழுதுட்டுப் போவுதுங்க. வேலியோரம் பூரா காலி. எம் பொஞ்சாதி வெள்ளையம்மா தகர டின்னைத் தட்டித் தட்டியே கை வீங்கிக் கெடக்கா. ஒரே ஒரு வெடி போட்டீங்கன்னா போதுங்க, அந்தத் திக்குக்கே வராது.”

பிலோமின்ராஜுக்கு மனசு இளகிவிட்டது. “கவலைப்படாம போங்க மருதை. உங்க கொல்லைக்கு நான் பொறுப்பு” என்று வாக்குக் கொடுத்தார். அன்றைக்கே பஸ் ஏறியிருப்பார், பாவம். தலைவர் அற்புதசாமி விட்டால்தானே! ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சிக்னல் விழாமல் கொட்டாவிகூட விடமாட்டார்.

“வெறுங்கண்ணால குறி பாக்கறதெல்லாம் அந்தக் காலம், பிலோமின். இப்ப எல்லாம் விஞ்ஞானம். முதல்ல ஸ்கோப் மாட்டுவோம். ஸ்கோப் இல்லாத சங்கத்தைப் பன்னி மதிக்குமாய்யா?”

பன்றியின் மதிப்பைப் பெறுவதற்காக உடனே ‘ஸ்கோப் தேர்வு உபகமிட்டி’ அமைக்கப்பட்டது. நிபுணராக வந்து சேர்ந்தவர் ஸ்ரீரங்கத்துப் பௌதிகப் பேராசிரியர் அழகியமணவாளன். வரும்போதே நிபந்தனையோடு வந்தார். “ஹிம்சை நமக்கு ஆகாது. பாக்கறதோட என் கைங்கர்யம் சரி. சுடறது உங்க பாடு.”

உபகமிட்டி ஐப்பசியில் கூடியது. கூடுவதற்கு ஒரு மாசம் ஆனதே என்று யாரும் குறை சொல்லக் கூடாது. நல்ல காரியத்துக்கு நாள் பார்க்க வேண்டாமா? இடம், ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் பேராசிரியர் வீட்டு மொட்டைமாடி. துப்பாக்கிக் கடை ரசூல் பாய் மூன்று ஸ்கோப்புகளைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று இரண்டரை மடங்கு பெரிதாகக் காட்டும், ஒன்று நாலு மடங்கு, ஒன்று பத்து மடங்கு.

“எது பாய் நல்லது?” என்றார் தலைவர்.

“நீங்க எதை எடுக்கறீங்களோ அது ரொம்ப நல்லதுங்க” என்றார் ரசூல் பாய். வியாபாரம் என்றால் அது வியாபாரம்.

ஸ்கோப்பைப் பரீட்சிக்க எதைப் பார்ப்பது? திருச்சிக்காரனுக்கு இதில் சந்தேகமே வராது. தலைவர், காரியதரிசி, பேராசிரியர் மூவரும் தெற்கே திரும்பி, காவேரிக்கு அப்பால் மலைக்கோட்டையைப் பார்த்தார்கள். இரண்டரையில் மலை தெரிந்தது. நாலில் கோயில் தெரிந்தது. பத்தில், உச்சிப் பிள்ளையாருக்குப் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு மாமியின் புடவைக் கரையே தெரிந்தது!

“அடடா! இதுவன்றோ ஸ்கோப்!” என்று உருகினார் பேராசிரியர். பத்து மடங்கு ஏகமனதாக நிறைவேறியது.

அந்த நேரம் பார்த்து மருதை மாடியேறி வந்தார். காரியதரிசியைத் தேடி மேலப்புதூர் போய், அங்கிருந்து இங்கே வந்திருக்கிறார். முகம் வாடிப்போயிருந்தது. “நடுக்கொல்லையும் போயிடுச்சுங்க. கெணத்து மேட்டுல ஒரு துண்டுதான் மிச்சம். விதைக்குன்னு விட்டு வச்சது. அதுவும் போச்சுன்னா, வர்ற ஆடியில மண்ணுல போட ஒரு பருப்பு கெடையாதுங்க.”

“நல்ல சமயத்துல வந்தே! இதுல பாத்தா மலைக்கோட்டை எப்படித் தெரியுது தெரியுமா?” என்றார் தலைவர்.

“எங்க கொல்லையில மலைக்கோட்டை இல்லீங்களே” என்றார் மருதை.

விஷயம் தெரியாதவர் என்று எல்லாரும் அவரை மன்னித்தார்கள். பிலோமின்ராஜ் மட்டும் ‘கிணற்று மேடு’ என்று முத்துமுத்தாகக் குறித்துக்கொண்டார்.

அடுத்தது மவுண்ட். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து நிறுத்தும் இரும்புப் பிடி. இரண்டு தினுசு இருந்தன: ஒன்று ஸ்கோப்பை உச்சியின் நடுவில் நிறுத்தும், மற்றது பக்கவாட்டில் தள்ளி நிறுத்தும்.

“பக்கவாட்டிலயா? காதுல பென்சில் சொருகின தச்சன் மாதிரி இருக்கும்” என்றார் தலைவர்.

“திருமண் நெத்திக்கு நடுவுலதானே இட்டுக்கறோம்? கன்னத்துல இட்டுண்டா லோகம் சிரிக்காதோ?” என்றார் பேராசிரியர்.

கிறிஸ்தவமும் வைஷ்ணவமும் இவ்வளவு சுலபமாக ஒத்துப்போன நாள் சரித்திரத்தில் குறைவு. ‘நடு’ தீர்மானமாயிற்று. காலித் தோட்டா உச்சி வழியாகத்தான் வெளியே வரும் என்பது மூவருக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் அது அஜெண்டாவில் இல்லை.

கார்த்திகைப் பௌர்ணமியன்று சங்கம் ஜீப்பில் வையம்பட்டிக்கு எழுந்தருளியது. பொழுது சாய்ந்து நிலா கிளம்புகிற நேரம். மருதையின் கொல்லை, கிணற்று மேட்டைத் தவிர, கலப்பை ஓட்டிப் போட்ட மாதிரி கிடந்தது. வேலிக்கு வெளியே புதர் அசைந்தது. தாய்ப்பன்றி ஒன்று, பின்னால் குட்டிகள், நேரே மேட்டைப் பார்த்து வந்தன.

பிலோமின்ராஜ் மாதாவை வேண்டிக்கொண்டு ஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

“என்ன தெரியுது?” என்று கிசுகிசுத்தார் தலைவர்.

“மயிர் தெரியுதுங்க.”

“எந்த இடத்து மயிர்?”

“அது தெரியலீங்க. குழாய் பூரா மயிராவே இருக்கு.”

“அப்ப பன்னி?”

“பன்னியைக் காணோங்க.”

“ஓய், சுடுமய்யா!” என்று அலறினார் அஹிம்சைப் பேராசிரியர்.

பிலோமின்ராஜ் கண்ணை மூடிக்கொண்டு சுட்டார். குண்டு எங்கே போயிற்று என்று இன்றுவரை தகவல் இல்லை. லீவரைத் தள்ளி இழுத்தார். காலித் தோட்டா கடமை தவறாமல் துள்ளி, ஸ்கோப்பின் வயிற்றில் ‘டங்’கென்று முட்டி, போன வழியே திரும்பி விழுந்து சிக்கிக்கொண்டது. லீவர் மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. தாய்ப்பன்றி ஒரு நிமிஷம் நின்று சங்கத்தைப் பார்த்தது. பிறகு மேட்டை நோக்கி நடந்தது.

“அட நாசமாப் போற மூதேவிங்களா!” என்று ஒரு குரல். வெள்ளையம்மாள்தான். தகர டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து போட்டாரே ஒரு போடு! பன்றிகள் குட்டியும் குடும்பமுமாக ஓட்டமெடுத்தன. மருதையும் தடியோடு கூட ஓடினார். இருவரும் ஓடை தாண்டும் வரை துரத்திக்கொண்டு போனார்கள். விதைக் கடலை பிழைத்தது.

சங்கம் சோர்ந்து போகவில்லை. அவசரக் கூட்டம் அங்கேயே கூட்டப்பட்டது. உட்காரச் சமதளமான இடம் கிணற்று மேடு ஒன்றுதான். ஸ்கோப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டு மவுண்ட் பற்றி ஆழமாக விவாதித்தார்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் கை சும்மா இருக்குமா? தலைவர் ஒரு செடியைப் பிடுங்கினார். பேராசிரியர் அடுத்ததைப் பிடுங்கினார். “ஆஹா, பச்சைக் கடலைன்னா வையம்பட்டிதான்! இதுல ஹிம்சையும் இல்லை” என்றார். பிலோமின்ராஜும் எதையோ நினைத்தபடி உரித்துக்கொண்டே இருந்தார். சுற்றிலும் தோல் குவிந்தது.

மருதையும் வெள்ளையம்மாளும் மூச்சிரைக்கத் திரும்பி வந்து நின்றார்கள். இருவரும் தோல் குவியலைப் பார்த்தார்கள். அப்போதுதான் தன் கையில் இருப்பது என்ன கடலை என்று பிலோமின்ராஜுக்கு உறைத்தது. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

தலைவர் மட்டும் கம்பீரமாக ஸ்கோப்பை நீட்டினார். “வா மருதை! சங்கம் உனக்காக எவ்வளவு பாடுபட்டிருக்குன்னு நீயே உன் கண்ணால பாரு. இன்னும் எங்கியாவது பன்னி மிச்சம் இருக்கா?”

மருதை பணிவோடு வாங்கிக் கண்ணில் வைத்தார். வேலியைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். பிறகு மெதுவாக மேட்டுப் பக்கம் திரும்பினார். ஸ்கோப் தலைவர் முகத்தில் கொஞ்சம் நின்றது, பேராசிரியர் முகத்தில் கொஞ்சம் நின்றது, காரியதரிசியின் உப்பிய கன்னத்தில் வந்து நின்றது.

“மூணு இருக்குங்க” என்றார் மருதை. “டின்னை எடு, வெள்ளையம்மா.”